தேவ அழைத்தல்: சொல்லும் வீடும்

பாஸ்கா காலத்தின், அதாவது ஈஸ்டர் காலத்தின், நான்காம் ஞாயிறு வந்தால் நீலகிரியின் கத்தோலிக்கக் கோவில்களில் குருக்களாகவும் கன்னியராகவும் போகவிருக்கும் பிள்ளைகளுக்காகச் செபிப்பார்கள். இது 1964இல் தொடங்கிய வழக்கம். இப்படிப் போகும்படி கடவுள் ஒருவரைக் கூப்பிடுவதற்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘தேவ அழைத்தல்’. இறை அழைத்தல் என்றும் சொல்வதுண்டு. அதே மலையில் சிஎஸ்ஐ எனும் தென்னிந்தியத் திருச்சபையார் ‘ஊழிய அழைப்பு’ என்பார்கள். பேச்சில் இரு தரப்புக்கும் ‘வொகேஷன்’தான்.

இலத்தீனில் ‘வொகாரே’ என்றால் கூப்பிடுதல். வொகேஷன் அதிலிருந்து வந்தது. பிளஸ் டூவில் ‘வொகேஷனல் குரூப்’ என்கிறோமே, அதற்கும் இதே வேர்தான். ஆனால் அதைத் தமிழில் தொழிற்கல்வி என்கிறோம். கூப்பிடுதல் எப்படித் தொழில் ஆனது? இதில் கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தருக்குப் பெரிய பங்கு உண்டு. துறவிகளுக்கும் குருக்களுக்கும் உரியதாக இருந்த சொல்லை அவர் எல்லார் உழைப்புக்கும், தாய் தகப்பன் கடமைக்கும் பொதுவாக்கினார். அப்படிப் பார்த்தால் கோத்தகிரியில் கொழுந்து பறித்துப் பிள்ளைகளை வளர்க்கிற அம்மாவும் அழைக்கப்பட்டவர்தான். எனக்கு அதில் முழுச் சம்மதம்.

கிரேக்கத்தில் ‘கலேயோ’ என்றால் கூப்பிடு. திருச்சபையைக் குறிக்கும் ‘எக்லேசியா’வும் அதிலிருந்து பிறந்ததுதான். அந்தச் சபை முதலில் கூடியது வீடுகளில். பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா தம்பதியின் வீட்டுச் சபையை அப்போஸ்தலர் பவுல் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1964இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்றது; பிள்ளைகளுக்கு நம்பிக்கையை முதலில் அறிவிப்பவர்கள் பெற்றோர், அவரவர் அழைத்தலைப் பேணி வளர்ப்பதும் அவர்கள் கடமை என்றது.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். மாப்பிள்ளை அழைப்பு, பெண் அழைப்பு என்கிறோம். அழைக்கப்படுவது ஒருவர், கூட நடப்பது குடும்பம். பத்திரிகை வைக்கும்போதும் “வீட்டோட வந்துடுங்க” என்றுதான் சொல்கிறோம். இதனால்தான் அழைத்தல் என்பது வொகேஷனைவிட நெருக்கமான சொல் என்கிறேன்.

பைபிளில் சிறுவன் சாமுவேல் கதையைப் பாருங்கள். இரவில் கூப்பிட்டது கடவுள். பையனோ ஆலயக் குரு ஏலி கூப்பிட்டதாக நினைத்து எழுந்து எழுந்து ஓடுகிறான். அது யார் குரல் என்று புரிந்துகொண்டு, அடுத்த முறை என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர் ஏலி. அதற்கும் முன்னால் அன்னாள் இருக்கிறாள். பிள்ளையை ஆலயத்தில் விட்ட பிறகும் வருடா வருடம் ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போய்க் கொடுத்த தாய். கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் 1895 முதல் இயேசு சபைத் துறவிகளின் பயிற்சி இல்லம் இருந்தது. அந்தக் குளிருக்குக் கம்பளிச் சட்டை எடுத்து வைக்காமல் சமவெளித் தாய் யார்தான் மகனை அனுப்பியிருப்பாள்?

வீடு செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கேட்கப் பழக்குவது, சட்டை தைப்பது. கூப்பிடுவது வீட்டின் வேலை அல்ல. “உன்னைச் சாமிக்கு நேர்ந்துவிட்டோம்” என்று பிள்ளையைத் தள்ளுவதை அழைத்தல் என்று சொல்லக் கூடாது. போகிறேன் என்கிற பிள்ளையை அழுது மறிப்பதும் தப்புதான். குரல் வந்த இடம் வேறு.

எழுதும்போது ‘அவருக்கு தேவ அழைத்தல் இருக்கிறது’ என்றே எழுதலாம். மணவாழ்வுக்கும் ‘இல்லற அழைத்தல்’ என்று தயங்காமல் போடலாம்.