வைரஸ் புரோமோட்டருக்கு வேர் எது, இலை எது என்று எப்படித் தெரிகிறது?

காலிஃபிளவர் மொசைக் வைரஸிலிருந்து எடுக்கப்பட்ட 35எஸ் புரோமோட்டரை (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ சுவிட்சை)ப் பற்றிப் பாடநூல்கள் ஒரே வரியில் சொல்லிவிடும்: செடியின் எல்லாத் திசுக்களிலும் எப்போதும் இயங்கும். ஆனால் அதைத் துண்டு துண்டாக வெட்டிச் சோதித்தால், 'எங்கும் இயங்கு' என்கிற கட்டளை எந்தத் துண்டிலும் இல்லை. வேருக்கு ஒரு துண்டு, இலைக்கு ஒன்று, வாஸ்குலத் திசுவுக்கு (நீரையும் உணவையும் கடத்தும் குழாய்த் திசு) இன்னொன்று என்று தனித்தனியாகத்தான் இருக்கின்றன. எல்லாம் சேரும்போது முழுச் செடியும் இயங்குவதாகத் தோன்றுகிறது.

புரோமோட்டர் என்பது மரபணுவுக்கு முன்னால் உள்ள டிஎன்ஏ பகுதி. ஆர்என்ஏ படியெடுத்தல் தொடங்கும் எழுத்தை +1 என்று வைத்து, அதற்கு முன்னால் இருப்பவற்றை எதிர்மறை எண்களால் குறிக்கிறார்கள். 35எஸ்-இல் −46 முதல் +8 வரையுள்ள சிறு துண்டில் டாட்டா பெட்டி இருக்கிறது. பாலிமரேஸ் நொதி அமரும் இடத்தை அது காட்டும். தனியாக விட்டால் ஏறக்குறைய ஒன்றும் நடக்காது. 1989, 1990 ஆண்டுகளில் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் பிலிப் பென்ஃபியும் நாம்-ஹாய் சுவாவும் மேற்பகுதியை இரண்டாகப் பிரித்துப் புகையிலைச் செடியில் வைத்துப் பார்த்தார்கள். −90 முதல் +8 வரையுள்ள 'ஏ' பகுதி பெரும்பாலும் வேரில் இயங்கியது. −343 முதல் −90 வரையுள்ள 'பி' பகுதி இலை, தண்டு, வாஸ்குலத் திசுக்களில் இயங்கியது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் டிஎன்ஏ மட்டுமல்ல, செல்லுக்குள் இருக்கும் புரதங்கள். ஏ பகுதியில் −82க்கும் −62க்கும் இடையே ஏஎஸ்-1 என்ற குறுந்தொடர் உண்டு. அதில் டிஜிஏசிஜி என்ற ஐந்தெழுத்து இருமுறை வரும். அதைப் பற்றிக்கொள்ளும் டிஜிஏ வகைப் புரதம் புகையிலை வேரில் இலையைவிடப் பல மடங்கு அதிகம். அந்த ஐந்தெழுத்துகளில் ஒன்றிரண்டை மாற்றினாலே வேரில் வெளிப்பாடு சரிந்துவிடுகிறது. இதற்கு மறுபக்கச் சோதனை இன்னும் அழகானது: பச்சை இலையில் மட்டும் இயங்கும் பட்டாணியின் ஆர்பிசிஎஸ் (ஒளிச்சேர்க்கை நொதி) மரபணுவின் புரோமோட்டருக்குள் ஏஎஸ்-1ஐச் செருகியதும் அது வேரிலும் இயங்கத் தொடங்கியது. இருபத்தோரு எழுத்து போதுமானதாக இருந்தது.

வைரஸ்களிடம் இந்த அமைப்பு இத்தனை கச்சிதமாக இருக்கக் காரணம் இடநெருக்கடி. காலிஃபிளவர் மொசைக் வைரஸின் மொத்த மரபுத்தொகுதியே சுமார் 8,000 எழுத்து இணைகள்தான். படியெடுக்கும் நொதியும் அதற்குச் சொந்தமாக இல்லை. செடியின் புரதங்களை நம்பித்தான் பிழைக்க வேண்டும். எந்தச் செல்லில் பெருக வேண்டுமோ அந்தச் செல்லின் புரதங்களுக்கேற்ற எழுத்துகளை அது வைத்திருக்கிறது.

நெல் துங்ரோ பேசில்லிஃபார்ம் வைரஸில் இது தெளிவாகத் தெரியும். பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் இந்த வைரஸ் வாஸ்குலத் திசுவை விட்டு வெளியே பெரிதாகப் போவதில்லை. அதன் புரோமோட்டரும் முக்கியமாக ஃப்ளோயத்தில்தான் (வாஸ்குலத் திசுவில் உணவைக் கடத்தும் பகுதி) வேலை செய்கிறது. 'பாக்ஸ் 2' என்ற தொடரை நெல்லின் ஆர்எஃப்2ஏ புரதம் பற்றுகிறது. இந்தப் புரதத்தைப் புகையிலையின் எல்லாத் திசுக்களிலும் உண்டாக்கியபோது, அதே வைரஸ் புரோமோட்டர் ஃப்ளோயத்தைத் தாண்டி மற்றத் திசுக்களிலும் இயங்கியது. கானாவாழை இனச் செடியைத் தாக்கும் மஞ்சள் தேமல் வைரஸின் புரோமோட்டரும் இலை, தண்டுகளில் முக்கியமாக ஃப்ளோயத்தில் இயங்குவதே. சாறு உறிஞ்சும் பூச்சிகள் பல ஃப்ளோயத்தில்தான் குடிக்கின்றன என்பதால், அவற்றுக்கு எதிரான புரதத்தை முக்கியமாக அங்கே உண்டாக்க இத்தகைய புரோமோட்டர்கள் பொருத்தமானவை.

ஒரு துண்டு எந்தத் திசுவில் இயங்குகிறது என்று காண, அதன் பின்னால் ஜியுஎஸ் என்ற நொதியின் மரபணுவை இணைத்து, இலைத் துண்டையும் தண்டின் குறுக்குவெட்டையும் அந்த நொதி நீலமாக மாற்றும் எக்ஸ்-குளுக் என்ற பொருளின் கரைசலில் ஊறவைப்பார்கள். pH 7 பாஸ்பேட் பஃபர், 0.1% டிரைட்டான், மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம் எக்ஸ்-குளுக். வெற்றிடத்தில் சில நிமிடம் வைத்துக் கரைசலை உள்ளே இழுக்கச் செய்து, 37 டிகிரியில் விட்டு, பிறகு 70% எத்தனாலில் பச்சையத்தைக் கழுவினால் நொதி இருக்கும் இடம் நீலமாகத் தெரியும். ஏமாற்றங்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். நொதி முதலில் தருவது நிறமற்ற இடைப்பொருள். அது நீலமாக மாறுவதற்குள் பக்கத்துச் செல்லுக்குக் கசியும். ஃப்ளோயம் வலுவாக இயங்கும் செடியை இரவு முழுவதும் ஊறவைத்தால் சுற்றியுள்ள திசுவும் நீலமாகி, 'திசுத்தனித்தன்மை இல்லை' என்ற தவறான முடிவில் கொண்டுபோய் விடும். பொட்டாசியம் ஃபெர்ரி, ஃபெர்ரோ சயனைடுகளைத் தலா 0.5 மில்லிமோலார் சேர்த்தால் நிறமாற்றம் விரைவாகும், கசிவு குறையும். நேரத்தை இரண்டு மூன்று மணியாகச் சுருக்கிப் பார்ப்பதும் அவசியம். சிறிய, அடர்ந்த செல்கள் இயல்பாகவே கருநீலமாகத் தெரியும் என்பதால், வெறும் 35எஸ் போட்ட செடியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் வாஸ்குலத் தனித்தன்மையை அறிவிக்கக் கூடாது. டிஎன்ஏ நுழையும் இடத்தைப் பொறுத்தும் அளவு மாறும். ஒரே செடியை நம்பாமல் பத்து, இருபது தனித்தனி மாற்றச் செடிகளைப் பார்க்க வேண்டும்.

புரோமோட்டர் நன்றாக இருந்தும் பயிரில் குழப்பம் வருவதுண்டு, பெரும்பாலும் அண்டைவீட்டால். ஒரே டி-டிஎன்ஏவில் (செடிக்குள் செருகும் டிஎன்ஏ துண்டு) களைக்கொல்லி அல்லது ஆன்டிபயாடிக் தாங்கும் அடையாள மரபணுவை 35எஸ்-ஆல் இயக்குவது வழக்கம். 35எஸ்-இன் பி பகுதி வலுவான என்ஹான்சர், அதாவது படியெடுத்தலைத் தூண்டும் தொடர். ஆயிரக்கணக்கான எழுத்துகள் தள்ளியிருக்கும் புரோமோட்டரையும் இழுத்துவிடும். ஃப்ளோயத்துக்கென்று வடிவமைத்தது இலை முழுவதும் இயங்கும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். அடையாள மரபணுவுக்கு நோபலின் சிந்தேஸ் புரோமோட்டரைப் போடுவது எளிய தீர்வு. அதே 35எஸ்ஸை இரண்டு மூன்று இடங்களில் போடுவதிலும் ஆபத்து இருக்கிறது: ஒத்த தொடர்கள் மெத்திலேற்றம் (டிஎன்ஏமேல் ஒட்டும் வேதிக்குறி) பெற்று எல்லாமே அடங்கிப்போகலாம்.

கடுகுக் குடும்பப் பயிர்களில் இன்னொரு சிக்கல். அவற்றைக் காலிஃபிளவர் மொசைக் வைரஸே தாக்கக்கூடும். அந்த வைரஸுக்கு எதிராகச் செடி எழுப்பும் தற்காப்பு, 35எஸ்-ஆல் இயங்கும் செருகிய மரபணுவையும் சேர்த்து அடக்கியிருக்கிறது. களைக்கொல்லியைத் தாங்கிய எண்ணெய்க் கடுகு, வைரஸ் தொற்றிய பின் அதே களைக்கொல்லிக்கு மடிந்த ஆய்வு 2000இல் வெளியானது. இந்தப் பயிர்களுக்கு 35எஸ்ஸைத் தவிர்த்து, செடியின் சொந்தப் புரோமோட்டரையோ, அந்தப் பயிரைத் தாக்காத வேறு வைரஸின் புரோமோட்டரையோ தேர்ந்தெடுப்பதே சரி.