பொனட் எந்த உயரத்தில் இடிக்கிறது?

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் பிரட்றிக் கோட்டை வாசலுக்குள்ளால்தான் போக வேண்டும். ஆட்டோவும் ஜீப்பும் நடந்து வரும் அடியார்களும் வழியில் படுத்துக் கிடக்கும் புள்ளிமான்களும் அந்த ஒரே வீதியில். அங்கே நிற்கும் பெரிய ஜீப் ஒன்றின் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். பொனட் விளிம்பு வயிற்றுக்கு மேலே வரும். பழைய கார் என்றால் தொடையைத் தாண்டாது.

வாகனம் இடித்த ஆள் உயிர் தப்புமா என்பதில் இந்த உயர வித்தியாசத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. நிற்பவரின் புவியீர்ப்பு மையம் தொப்புளை அண்டியது. அதற்குக் கீழே இடி விழுந்தால் கால் வாரப்பட்டு, உடல் பொனட்டின் மேல் சரியும். கால் முறியும், தலையும் அடிபடலாம். ஆனாலும் மெல்லிய தகடு நெளிந்து அடியில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்ளும். மையத்துக்கு மேலே இடித்தால் சரிய இடமில்லை. இடுப்பும் நெஞ்சும் முழு அடியையும் வாங்க, ஆள் முன்னால் வீசப்படுவார். பின்னாலேயே சில்லு வரும். சின்னப் பிள்ளைக்கு அடி நேரே தலையில்.

வீதிப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் நிறுவனம், பாதசாரிகளை வாகனம் இடித்த ஏறத்தாழ 18,000 விபத்துகளை ஆராய்ந்து 2023இல் முடிவை வெளியிட்டது. பொனட் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வாகனம் இடித்தால், 30 அங்குலத்துக்கு மேற்படாத பொனட்டும் சரிவான முகமும் கொண்டதை விட மரண வாய்ப்பு சுமார் 45 வீதம் அதிகம்.

உயரத்தில் இருந்தால் எல்லாம் தெரியும் என்று சாரதிகள் சொல்வதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கண் 1.7 மீற்றர் உயரத்தில். 2 மீற்றர் முன்னால் பொனட் விளிம்பு, உயரம் 1.2 மீற்றர் என்று வைப்போம். பார்வைக்கோடு நிலத்தைத் தொடுவது பொனட்டிலிருந்து 4.8 மீற்றர் தள்ளித்தான். 95 சென்ரிமீற்றர் உயரப் பிள்ளை ஒரு மீற்றருக்குள் நின்றால் தலைமயிர்கூடத் தெரியாது. படுத்திருக்கும் மானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதற்கு மேல் சிலர் முன்னால் இரும்புக் குழாய் வேறு பூட்டுகிறார்கள். தகடு நெளியும், குழாய் நெளியாது. அடி முழுவதும் ஒரு கோட்டில் எலும்பில் இறங்கும். ஹபரணை வீதியில் யானைக்காகப் பூட்டியது என்பார்கள். யானைக்கு அந்தக் குழாய் எந்த மூலைக்கு?