ஆயிரம் அடி போட்டும் புகைதான் வருகிறது: வேலூரில் மனை வாங்குகிறவர்களுக்கு

போன வாரம் குடியாத்தம் சாலையில் ஒரு புது லேஅவுட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தும்போதே விஷயம் புரிந்துவிட்டது. வாசலில் இருந்த துளசிச் செடியில் ஒரு இலை பச்சையாக இல்லை, அத்தனையிலும் பாறைத்தூள். மதில் சுவர், துணிக்கொடி, பைக் சீட் எல்லாம் அதே வெள்ளை. மூன்றாவது போர்வெல் அது. முதலாவது 650 அடி, அடுத்தது 900, இது 1,150. மூன்றிலும் தண்ணீர் இல்லை, பாறைத்தூள் புகைதான்.

ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் மனை வாங்கி வீடு கட்டியிருக்கிறார் அந்த ஐயா. மீதியிருந்ததும் வளையல் அடகு வைத்ததும் இந்த மூன்று ஓட்டைகளுக்குள் போய்விட்டது. அந்த அம்மா ஒரு பிடி தூளைக் கையில் பொத்தி வைத்திருந்தார்கள். "சார், இது கொஞ்சம் ஈரமா இருக்கிற மாதிரி இல்ல? இன்னும் நூறு அடி போட்டுப் பாக்கலாமா?" என்றார்கள். வாங்கிப் பார்த்தேன். அது அவர்களுடைய உள்ளங்கை வியர்வை.

நிலத்தடி நீருக்கு இடம் பார்த்துச் சொல்வது என் தொழில். நாலு இரும்பு முளை அடித்து, மின்சாரம் பாய்ச்சி, மீட்டரைப் படிக்கிற வேலை. பழைய வடாற்காட்டில் நான் முளை அடிக்காத ஒன்றியம் அதிகம் இல்லை. இந்தக் கோடையில் மட்டும் இது ஏழாவது வீடு. என்னைக் கூப்பிடுவது எப்போதும் எல்லாம் முடிந்த பிறகுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"அடியில ஆறு ஓடுது சார், அதைத் தொடணும்." எல்லா வீட்டிலும் இதைக் கேட்கிறேன். படித்தவர், படிக்காதவர் வித்தியாசமே இல்லை. தேங்காயைக் கையில் நிற்க வைத்துப் பார்ப்பவர்களோடும், வேப்பங்குச்சி பிடிப்பவர்களோடும் நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் இந்த ஆழ நம்பிக்கை குடும்பங்களைக் கடனில் தள்ளுகிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேலூர்க் கோட்டை மதிலைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அந்த மாதிரிக் கல்தான் நம் காலடியில் இருக்கிறது. 250 கோடி ஆண்டுக்கும் பழைய பாறை. அதற்குள் ஆறு ஓட இடம் கிடையாது. கல்லுக்குள் தண்ணீர் ஊறுவதும் கிடையாது. பாறையின் மேல்தோல் மட்டும் வெயிலிலும் மழையிலும் நைந்து மொரம்பாக, அதாவது சரளை மண்ணாக, ஆகியிருக்கும். சில இடத்தில் அது 20 அடி, சில இடத்தில் 60 அடி, மலையடிவாரத்தில் ஒன்றுமே இருக்காது. நம் ஊர்த் தண்ணீரில் பெரும்பகுதி இந்த மேல்தோலில்தான் இருக்கிறது. அதற்குக் கீழே உடைந்த பாறை, அங்கங்கே வெடிப்பு. போர் போடும் ரிக் வண்டிக்காரர்கள் 'கேப்' என்று சொல்வது இந்த வெடிப்பைத்தான். 200, 300 அடி வரை இவை ஓரளவு கிடைக்கும். இன்னும் கீழே போகப் போக மேலிருக்கும் பாறையின் பாரமே வெடிப்புகளை இறுக்கி மூடிவிடும். ஆழத்தில் தண்ணீர் கூடுவதில்லை, குறைகிறது.

"பக்கத்து வீட்ல 800 அடியில ரெண்டு இன்ச் தண்ணி வந்துச்சே?" வந்திருக்கும். காய்ந்த ஏரித்தரையில் வெடிப்பு விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணை மூடிக்கொண்டு மேலேயிருந்து ஒரு குச்சியைப் போடுங்கள். ஒன்று வெடிப்புக்குள் இறங்கும், அடுத்தது ஒரு சாண் தள்ளிக் கட்டியில் முட்டும். பக்கத்து வீட்டுக்காரரின் குச்சி இறங்கிவிட்டது, அவ்வளவுதான். அது அந்தத் தெரு முழுக்கப் பாய் விரித்த மாதிரி பரவியிருக்கும் தண்ணீர் அல்ல. அந்த ஆழத்து வெடிப்பில் இருப்பது பல காலம் சேர்ந்த தண்ணீர். ஒரு மழைக்காலத்தில் நிரம்பிவிடாது. முதல் வருடம் இரண்டு இன்ச், மறு வருடம் அரை இன்ச், அதற்கு மறு வருடம் மோட்டார் காற்றை இழுக்கும். அப்போது அவரும் கூப்பிடுவார். கூப்பிட்டிருக்கிறார்கள்.

என் மனதை அறுக்கிற விஷயம் இன்னொன்று. போர் போடும்போது முதலில் என்ன செய்கிறோம்? மண் சரியாமல் இருக்கக் கெட்டிப் பாறை வரை கேசிங் பைப் இறக்குகிறோம். அந்த மேல்தோலில்தான் தண்ணீர் இருக்கிறது என்றேன் அல்லவா? இருக்கிற தண்ணீரைப் பைப்பால் அடைத்து வெளியே நிறுத்திவிட்டு, இல்லாத தண்ணீரைத் தேடி ஆயிரம் அடி போகிறோம். நல்ல மொரம்பு உள்ள இடத்தில் 40 அடிக் கிணறு தருகிற தண்ணீரைப் பல இடங்களில் 900 அடி போர் தருவதில்லை. அதே இடத்தில் துளையிட்ட கேசிங் இறக்கலாமா என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றுவதில்லை.

ரிக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். திருச்செங்கோட்டிலிருந்து வண்டியை ஓட்டி வந்து ராத்திரி முழுக்கத் தூசியில் நிற்கிறவர்கள். ஆனால் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். அடிக்கு இவ்வளவு என்பது கூலி, ஆழம் கூடக் கூட ஒரு அடியின் விலையும் கூடும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவர் சொல்ல மாட்டார். நீங்கள்தான் சொல்ல வேண்டும், அதுவும் வண்டி வருவதற்கு முன்பே. தூசி பறக்கும்போது, அக்கம்பக்கம் எல்லாம் வேடிக்கை பார்க்க நிற்கும்போது, யாராலும் "போதும்" என்று சொல்ல முடியாது.

சரி, நம் முன்னோர் எங்கே குடியிருந்தார்கள் என்று பாருங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம், வேலூர், ஆற்காடு, வாலாஜா என்று ஒரு நூலில் கோத்த மணிகள் மாதிரி எல்லாம் பாலாற்றங்கரையில். பாலாறு கர்நாடகத்தில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடி வாயலூரில் கடலில் சேர்கிறது. வருடத்தில் பெரும்பாலான நாள் மேலே தண்ணீர் இருக்காது. ஆனால் ஆறு காலியாக இருந்ததில்லை, மணலுக்குள் இருந்தது. நூறு வாளி மணலில் இருபது வாளித் தண்ணீரை எடுக்கலாம். நூறு வாளி கெட்டிப் பாறையில் ஒரு வாளிகூடத் தேறாது. ஆற்றில் கையால் ஊற்று தோண்டி, சொம்பால் மொண்டு குடம் நிரப்பிய பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். ஊற்றுக்கால் வெட்டி அந்த மணல் தண்ணீரையே வயலுக்குக் கொண்டுபோனார்கள். லாரி லாரியாக நாம் அள்ளிக்கொண்டு போனது வெறும் கட்டுமான மணல் அல்ல, தண்ணீர்த் தொட்டி.

தோல் பதனிடும் தொழிலும் இந்த மணல் தண்ணீரை நம்பி வளர்ந்ததுதான். ஒரு கிலோ பச்சைத் தோலுக்கு 30, 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். கழுவிய தண்ணீர் போன இடமும் அதே மணல். 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று வேலூர் வழக்கில் சொன்ன தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள். 2025 ஜனவரியில் அதே பிரச்சினைக்கு அதே நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. ராணிப்பேட்டையில் மூடிப்போன ஒரு ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு மட்டும் லட்சம் டன்னுக்கு மேல். கரையோர ஊர்களில் மனை மலிவாகக் கிடைக்கிறது என்றால் ஏன் மலிவு என்று கேளுங்கள்.

ஆற்றை விட்டுத் தள்ளியிருந்த ஊர்கள் ஏரியை நம்பின. ஏரி, கரைக்குக் கீழே நஞ்சை, பக்கத்து மேட்டில் ஊர். இந்த அமைப்பு தற்செயலாக வந்ததல்ல. ஏரி நிரம்பினால் கீழே இருக்கிற கிணறுகள் ஊறும், ஊரோ மேட்டில் இருப்பதால் வெள்ளம் ஏறாது. வாலாஜா அருகே அணைக்கட்டிலிருந்து வரும் கால்வாய் காவேரிப்பாக்கம் ஏரியை நிரப்பும், அங்கிருந்து அடுத்தடுத்த ஏரிக்குப் போகும். நம் பக்கம் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சாய்கிறது. ஊர்ப் பெயரில் 'மேல்' என்று வந்தால் அது மேற்கும்தான், மேடும்தான்.

இன்றைய லேஅவுட் எங்கே வருகிறது? ஒன்று, மொரம்பே இல்லாத பாறை மேட்டில். அங்கே தண்ணீர் இருக்காது. இல்லையென்றால் ஏரியின் நீர்ப்பிடிப்பிலும், ஏரி நிரம்பினால் உபரி வழிந்தோடும் கலங்கல் ஓடையிலும். அங்கே என்றாவது ஒரு நாள் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இருக்காது. 2021 நவம்பரில் பாலாறும் பொன்னையாறும் பெருகி வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள் ஓடையில் மனை வாங்கியவர்கள்தான். அடுத்த மாதம் திருவலம் பக்கம் பொன்னையாற்று ரயில் பாலமே பழுதாகி ரயில்கள் நின்றன. "பாலாத்துல எங்க சார் தண்ணி வரப் போவுது" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. வாணியம்பாடிக்காரர்களைக் கேளுங்கள். 1903 வெள்ளத்துக்கு அங்கே நினைவுத் தூண் நிற்கிறது.

ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனதைப் பார்த்துவிட்டு, "நம்ம ஜில்லாவுல அவ்ளோ தண்ணி இருக்கு" என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது நம் நிலத்துத் தண்ணீர் அல்ல. மேட்டூரிலிருந்து குழாயில் வந்த காவிரி.

இனி, தயவு செய்து செய்ய வேண்டியவை.

முன்பணம் கொடுக்கும் முன் கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் வாங்கிப் பாருங்கள். கிராமக் கணக்கின் அ-பதிவேட்டில் ஓடை, வாய்க்கால், ஏரி என்று ஏதாவது அந்தப் புல எண்ணை (சர்வே நம்பரை) ஒட்டி இருக்கிறதா? இருந்தால் வேண்டாம். அப்ரூவல் வாங்கிவிட்டார்கள், பேங்க் லோன் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் தண்ணீருக்குத் தெரியாது. அப்புறம், மே மாதத்தில் ஒரு முறையும் ஐப்பசி மழையில் ஒரு முறையும் அந்த இடத்தில் போய் நில்லுங்கள். சுற்றி 300 அடிக்குள் உள்ள கிணறுகளை எட்டிப் பாருங்கள். தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, கிணற்றுச் சுவரில் மொரம்பு எத்தனை அடி, பாறை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தாலே என் மீட்டர் சொல்வதில் பாதி தெரிந்துவிடும். அதற்குக் காசு வேண்டாம்.

வீட்டுத் தேவைக்குப் போர் போடுவதென்றால் 300 அடியில் ஒரு நிதானத்துக்கு வாருங்கள். அதுவரை ஈரமே தட்டவில்லை என்றால் நிறுத்துங்கள். விதிவிலக்கு உண்டு, ஆனால் உங்கள் ஓய்வூதியப் பணம் அந்த விதிவிலக்கைத் தேடுவதற்கானது அல்ல. போடும் முன் உள்ளாட்சியில் அனுமதி வாங்குங்கள். தண்ணீர் வராத குழியை அன்றைக்கே மூடுங்கள். சாக்கைப் போட்டு மேலே கல்லை வைப்பது மூடுவது ஆகாது. 2019-இல் மணப்பாறை நடுக்காட்டுப்பட்டியில் குழந்தை சுஜித் மூடாத போர்க் குழியில் விழுந்து இறந்ததை நாடே நாலு நாள் டி.வி.யில் பார்த்து அழுதது. இன்னும் திறந்த குழிகளைப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் திட்டுகிறேன், திட்டத்தான் செய்வேன்.

தண்ணீர் வந்தாலும் பரிசோதிக்காமல் குடிக்காதீர்கள். ஆன்லைனில் வாங்கிய டி.டி.எஸ். பேனாவை முக்கிப் பார்ப்பது பரிசோதனை அல்ல. அது மொத்த உப்பைக் காட்டும். ஃபுளோரைடு எவ்வளவு, குரோமியம் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஆழமான பாறைத் தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பும் உலோகமும் போகாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதைத் தள்ளிப் போடாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்.

மழைநீர்ச் சேகரிப்பை அப்ரூவலுக்காகக் காட்டிவிட்டுச் சிமென்ட் பூசி மூடுவதும் வேண்டாம். நாகநதி ஓரத்துக் கிராமங்களில் நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் சிமென்ட் உறைகளை இறக்கி உறிஞ்சு கிணறுகள் கட்டி, மழையை மொரம்புக்குள் அனுப்பியிருக்கிறார்கள். வேண்டுமானால் ஒரு நாள் கணியம்பாடி பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

குடியாத்தம் சாலை வீட்டுக்கு வருகிறேன். நாலாவது போருக்கு இடம் பார்க்க முளை அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாவுக்கு வருத்தம். கிளம்பும்போது லேஅவுட்டைச் சும்மா ஒரு சுற்று நடந்தேன். பூங்கா என்று பலகை வைத்த இடத்தில், நடுவில் மட்டும் தரை ஒரு அடி உள்வாங்கியிருந்தது, வட்டமாக. ஓரத்தில் செதுக்கிய கருங்கல் ஒன்று பாதி வெளியே தெரிந்தது. கிணற்றுக் கல். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரைக் கேட்டேன். "இது பெரிய கிணறு சார். மூணு ஏக்கர் நெல்லுக்குப் பாய்ஞ்சது. மனை போட்டப்போ மண்ணைக் கொட்டி மூடிட்டாங்க" என்றார். மூன்று போர்களிலிருந்தும் நூற்றைம்பது அடி தூரம்கூட இருக்காது.

முளை அடித்துப் பார்த்தேன். மொரம்பு 45 அடி வரை காட்டுகிறது, அதற்குள் ஈரமும். தூர் வாரி உறை இறக்கினால், அந்தத் தெருவின் புழக்கத்துக்காவது ஆகும் என்று நம்புகிறேன். மூன்று போருக்கு ஆன செலவில் ஒரு பங்கு போதும். அதைப் பதினாறு வீடும் பகிர்ந்துகொள்ளலாம். வருகிற ஞாயிறு குடியிருப்போர் கூட்டத்தில் பேசச் சொல்லியிருக்கிறார்கள், போகிறேன். அந்த ஆடு மேய்க்கும் பெரியவரையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். கிணற்றுப் படிக்கட்டு எந்தப் பக்கம் இறங்கியது என்று அவருக்குத்தான் தெரியும். தோண்ட ஆரம்பிப்பது அங்கிருந்துதான்.