யாருடைய பணத்தில் ஓடுகிறது உங்கள் தொழில்?

ஒரு நிறுவனத்தின் கணக்குப் புத்தகம் கைக்கு வந்ததும் நான் முதலில் புரட்டுவது, பணம் கொடுக்க வேண்டியவர்களின் பட்டியலைத்தான். லாபம் எவ்வளவு என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யாருக்கு எத்தனை நாளாகப் பணம் நிற்கிறது என்பதைப் பார்த்தால் அந்த நிறுவனம் எப்படி நடக்கிறது, எதைக் கண்டு அஞ்சுகிறது, யாரை மதிக்கிறது என்பதெல்லாம் ஓரளவு தெரிந்துவிடும்.

கோவை, திருப்பூர் வட்டாரத்துச் சிறு தொழில்களின் தணிக்கைதான் என் அன்றாட வேலை. அந்தப் பட்டியலில் ஓர் ஒழுங்கு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. வங்கித் தவணை நாள் தவறுவதில்லை. மின்கட்டணம் பாக்கி இருக்காது, ஏனென்றால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். நூல் மில்லுக்குச் சொன்ன தேதியில் பணம் போய்விடும், ஏனென்றால் அடுத்த லோடு வராது. நிற்பதெல்லாம் யாருடைய பணம் என்று பார்த்தால் கம்பெனிக்குத் துணி தைத்துத் தரும் பவர் டேபிள்காரர், காஜா பட்டன் போடுபவர், லேத்தில் நான்கு பேரை வைத்துக் கடைசல் வேலை செய்து தருபவர், டெம்போ ஓட்டுபவர் என்று வரிசையாக வரும். கேட்டால் வேலை போய்விடும் என்று அஞ்சுகிறவர்களின் பணம் மட்டும் மூன்று மாதம், நான்கு மாதம் என்று நிற்கிறது.

இதைப் பல முதலாளிகள் நிர்வாகத் திறமை என்றே நம்புகிறார்கள். “சப்ளையர் பணத்தில் ரொட்டேஷன் ஓட்டுகிறோம்” என்று பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு. கடன் கொடுக்க வசதியே இல்லாத ஒருவரிடம், அவர் சம்மதம் கேட்காமல், வட்டியில்லாமல் வாங்கிய கடன் அது. கணக்குப் புத்தகத்தில் அதற்கு எந்தப் பெயர் இருந்தாலும் நான் அதைக் கடன் என்றே சொல்வேன்.

மறுபக்கத்தில் நடப்பதைப் பார்ப்போம். பவர் டேபிள் நடத்துபவர் சனிக்கிழமை மாலை தையல்காரர்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். பீஸ் கணக்கு வெள்ளிக்கிழமையே எழுதி முடிந்திருக்கும். கம்பெனியிலிருந்து பணம் வரவில்லை என்பதை அவர்களிடம் சொல்ல முடியாது. சொன்னால் திங்கட்கிழமை பாதிப் பேர் பக்கத்து யூனிட்டில் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் நகை அடகுக்குப் போகிறது. அதுவும் முடிந்த பிறகு, வார வட்டிக்குக் கொடுப்பவரிடம் போகிறார். இதற்கிடையில், கம்பெனிக்குப் போட்ட பில்லுக்கான ஜிஎஸ்டியைப் பணம் வந்தாலும் வராவிட்டாலும் அவர் கட்டியாக வேண்டும். கம்பெனியோ அதே பில்லை வைத்து உள்ளீட்டு வரி வரவை எடுத்துக்கொள்கிறது. அதாவது, தனக்கு இன்னும் வராத பணத்துக்கு அவர் வரியும் கட்டுகிறார். அதைப் பிடித்து வைத்திருப்பவர் அந்த வரியைக் கழித்தும் கொள்கிறார். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த வரவை வட்டியோடு திருப்ப வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம். இதை நினைவில் வைத்திருக்கும் கணக்குப் பிரிவுகள் மிகக் குறைவு.

சிறு தொழில்களுக்கு என்றே 2006-ல் ஒரு சட்டம் வந்தது. குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் என்று பெயர். அதன் 15-ஆவது பிரிவு நேரடியாகவே பேசுகிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். ஆனால் என்ன எழுதிக்கொண்டாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். நம் ஊர்களில் ஜாப் ஒர்க், அதாவது கம்பெனிக்காக வெளியில் கூலிக்குச் செய்து தரும் வேலை, பெரும்பாலும் தொலைபேசியிலேயே பேசி முடிகிறது. எழுத்தில் எதுவும் இல்லாத அந்த வேலைகளுக்குக் கெடு வெறும் 15 நாள் என்றால் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

தாண்டினால் வட்டி உண்டு. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் வட்டி 18 விழுக்காடு. 10 லட்சம் ரூபாயை ஓராண்டு இழுத்தால் வட்டி மட்டும் ஏறக்குறைய 1,95,600 ரூபாய். “வட்டி கேட்க மாட்டேன்” என்று பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்துக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அது செல்லாது. அப்படிக் கொடுக்கும் வட்டியை வருமான வரிக் கணக்கில் செலவாகவும் காட்ட முடியாது.

சரக்கை ஏற்ற நாள் எது என்பதில்தான் பெரும்பாலான தகராறுகள் பிறக்கின்றன. ஒரு லெட்ஜரில் பார்த்ததைச் சொல்கிறேன். ஏப்ரலில் தைத்த சரக்கு போயிருக்கிறது. டெலிவரி சலானில் கம்பெனி முத்திரை தெளிவாக இருக்கிறது. மே, ஜூன் இரண்டு மாதமும் பணத்துக்காகத் தைத்தவர் நடந்திருக்கிறார். ஜூலையில் ‘ஆயில் கறை’ என்று எழுதி, பில்லில் தொகையைக் கழிப்பதாகச் சொல்லும் ஒரு டெபிட் நோட் வருகிறது. சரக்கு அதற்குள் பேக்கிங் ஆகி, கப்பல் ஏறி, வெளிநாட்டுக் கடைக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. கறை இருந்ததா என்று யாரும் இனிப் பார்க்க முடியாது. தைத்தவர் பேசாமல் கையெழுத்துப் போட்டு, கழித்துக்கொண்டு கொடுத்ததை வாங்கி வந்துவிட்டார்.

இந்த இடத்தில் சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. சரக்கு வந்து சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் குறை சொல்லாவிட்டால், வந்து சேர்ந்த நாளிலேயே அதை ஏற்றுக்கொண்டதாகக் கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். மூன்று மாதம் கழித்து வந்த அந்த டெபிட் நோட்டை எதிர்த்துக் கேட்க அவரிடம் வலுவான ஆதாரம் இருந்தது: தேதியும் முத்திரையும் உள்ள ஒரு சலான். சலானைச் சாப்பாட்டுப் பையில் மடித்து வைத்து, மாதக் கடைசியில் தூக்கி எறியும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள் என்று ஒவ்வொரு சிறு தொழில் முனைவோரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான். தரக் குறை உண்மையாக இருந்தால் அதை ஒப்புக்கொள்வதும் திருத்திக் கொடுப்பதும் நியாயம். பணம் கொடுக்க மனமில்லாத நாளில் தேடிக் கண்டுபிடிக்கும் குறை வேறு வகை.

பல ஆண்டுகள் இந்தச் சட்டம் ஏட்டில் இருந்தது. 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 1961 வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு கூறைச் சேர்த்த பிறகுதான் அலுவலகங்கள் விழித்தன. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் பணம் கொடுக்காமல் மார்ச் 31 தாண்டினால், அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க முடியாது. உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் கழிக்கலாம். 10 லட்சம் பாக்கி வைத்திருக்கும் ஒரு கூட்டாண்மை நிறுவனம், 30 விழுக்காடு வரியும் அந்த வரியின் மீது 4 விழுக்காடு மேல்வரியும் சேர்த்து 3,12,000 ரூபாயை அந்த ஆண்டிலேயே கட்ட வேண்டிவரும்.

2023–24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பழைய பாக்கிகள் பல இடங்களில் வேகமாகத் தீர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். கூடவே இன்னொன்றையும் பார்த்தேன். சில நிறுவனங்கள் தங்கள் சப்ளையர்களைக் கூப்பிட்டு, “உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் ஆர்டர் கிடையாது” என்றன. குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்துகொள்ளும் பதிவு அது. இது எனக்குத் தாங்க முடியாத கோபத்தைத் தருகிறது. எளியவருக்குச் சட்டம் கொடுத்த ஒரே கைத்தடியை அவர் கையாலேயே ஒடிக்கச் சொல்வது அறமற்ற செயல். அப்படி யாராவது கேட்டால், தயவுசெய்து ரத்து செய்யாதீர்கள். பதிவு போனால் போவது இந்தப் பாதுகாப்பு மட்டுமா? அதை நம்பி வங்கியில் கிடைக்கும் பிணையில்லாக் கடனும் அரசுக் கொள்முதலில் உள்ள சலுகைகளும் கூடவே போகும்.

உத்யம் பதிவு முழுக்க இலவசம். 2020 ஜூலை 1 முதல் இணையத்தில் நடக்கிறது. ஏஜென்டுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. சரக்கு அனுப்பத் தொடங்கும் முன்பே பதிவை முடித்திருப்பது நல்லது. வேலை முடிந்து தகராறு வந்த பிறகு பதிவு செய்துவிட்டுச் சட்டத்தின் துணையைத் தேடினால் வழக்கு சிக்கலாகும். பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகள் உயர்ந்துவிட்டன: இயந்திர முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை குறு நிறுவனம். முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை சிறு நிறுவனம். நடுத்தர நிறுவனங்களுக்கும், வாங்கி விற்கும் வியாபாரம் மட்டும் செய்பவர்களுக்கும் இந்தக் கெடுப் பாதுகாப்பு கிடையாது.

பணம் வராவிட்டால் இதற்கென்று உள்ள அரசு இணையதளத்தில் முறையிடலாம். மனு வசதியாக்க மன்றத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய நான்கு இடங்களில் அந்த மன்றங்கள் இருக்கின்றன. முதலில் சமரசப் பேச்சு, அது முறிந்தால் நடுவர் தீர்ப்பு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீள்வதும் உண்டு. தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால் தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும். அதனால் நோட்டீஸ் போனதுமே பல பாக்கிகள் பேசித் தீர்ந்துவிடுகின்றன.

ஆனாலும் பெரும்பாலோர் போவதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும்: புகார் கொடுத்தால் அந்தப் பார்ட்டியின் வேலை அன்றோடு முடிந்தது, நாளை மறுநாள் இன்னும் நான்கு பார்ட்டிகளுக்கும் செய்தி போய்விடும். தனி ஒருவரைத் தைரியமாக இருங்கள் என்று சொல்வதில் பயனில்லை. இங்கேதான் சங்கங்கள் முன்வர வேண்டும். உறுப்பினரின் பாக்கியைச் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதிக் கேட்பது, இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவது, தேவைப்பட்டால் மனு எழுத உதவுவது ஆகியவற்றைச் சில சங்கங்கள் நன்றாகவே செய்கின்றன. அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உறுப்பினர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் பாக்கியை 45 நாளில் தீர்ப்பது. ஏனென்றால், பெரிய கம்பெனிகளை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. பணம் வரவில்லை என்று என் மேசை முன் கலங்கும் பட்டறைக்காரரின் லெட்ஜரிலேயே, பவுடர் கோட்டிங் செய்து தந்த இன்னும் சின்னவருக்கு ஐந்து மாதப் பாக்கி இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வட்டாரத் தொழிலில் ஒவ்வொருவரும் கடன் கொடுத்தவர், ஒவ்வொருவரும் கடன் வாங்கியவர். மேலே ஒருவர் நிறுத்தினால் கீழே பத்துப் பேர் நிற்கிறார்கள்.

சங்கம் கூடி விலையை நிர்ணயித்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடாது, 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆனால் ஒரு பீஸுக்கு உண்மையில் என்ன அடக்கம் ஆகிறது என்று கணக்குப் போடக் கற்றுக்கொடுக்கத் தடையில்லை. வாடகை, தேய்மானம், தன் சொந்த உழைப்பு ஆகியவற்றைச் சேர்க்காமல் விலை சொல்லி வேலையைப் பிடிப்பவர், பிறகு நூலிலோ கூலியிலோ வரியிலோதான் கை வைக்க வேண்டியிருக்கும்.

ஒருவர் தப்பித்துக்கொண்ட செலவு ஊர் முழுவதன் தலையில் விழுந்ததை நாம் பார்த்திருக்கிறோம். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவை மிச்சப்படுத்தி நொய்யல் ஆற்றில் விட்டதன் விளைவாக, 2011 ஜனவரி 28 அன்று திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பெருஞ்செலவு செய்து முறையாக நடத்த முயன்றவர்களின் கதவும் அதே நாளில்தான் மூடியது. துணி வெளி மாநிலங்களுக்குப் போய்ச் சாயமேறி வந்தது; வேலையில்லாமல் குடும்பங்கள் ஊரைவிட்டுக் கிளம்பின. மீண்டதும் தனித்தனியாக அல்ல. பட்டறைகள் சேர்ந்து நடத்தும் சுத்திகரிப்பு நிலையங்களை, ஒரு சொட்டும் வெளியேற்றாத முறைக்கு மாற்றித்தான் தொழில் திரும்ப எழுந்தது. சொல்லிக்கொள்ளாமல் நாலு மாதம் நிறுத்தி வைக்கும் ஜாப் ஒர்க் பணமும் அதே வகைச் செலவுத் தள்ளல்தான். ஆற்றில் போகாமல் ஒரு வீட்டுக்குள் போவதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

பணமே இல்லாத மாதங்கள் எந்தத் தொழிலுக்கும் வரும். அப்போது என்ன செய்யலாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது, பட்டியலைத் தொகை வரிசையில் அடுக்கிச் சிறியதிலிருந்து கொடுக்கத் தொடங்குங்கள் என்பதுதான். 12,000 ரூபாய் பாக்கிக்காரரின் அடுப்பு அந்தப் பணத்தில்தான் எரியும். 12 லட்சம் பாக்கிக்காரருக்கு வங்கி உண்டு. முழுத் தொகை முடியாவிட்டால் பாதி கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால், அவர் கேட்டு வருவதற்கு முன் நீங்களே கூப்பிட்டு ஒரு தேதி சொல்லுங்கள். தொலைபேசியை எடுக்காமல் இருப்பதும், ஆள் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொல்வதும் பாக்கியைவிடப் பெரிய அவமரியாதை.

பெரிய நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்கள், பில்லை வைத்து முன்கூட்டியே பணம் பெற உதவும் ட்ரெட்ஸ் என்ற இணையத் தளத்தைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விற்றுமுதல் 250 கோடியைத் தாண்டிய கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள் அதில் சேர வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. வாங்கியவர் பில்லை அதில் ஒப்புக்கொண்டுவிட்டால், பில் தொகையில் எவ்வளவு பிடித்துக்கொண்டு பணம் தருவோம் என்று வங்கிகள் போட்டி போட்டுத் தள்ளுபடி விகிதம் சொல்லும்; பிடித்த விகிதத்தை ஏற்றுச் சீக்கிரமே பணம் பெறலாம். வாங்கியவர் பிறகு கட்டத் தவறினாலும் வங்கி உங்களிடம் திரும்பி வராது.

கடைசியாக, பழைய பில்களைப் பற்றி. பாக்கிக்கான வழக்குக்குக் காலவரம்பு பொதுவாக மூன்று ஆண்டு. அது முடிவதற்குள், பாக்கி இவ்வளவு என்று வாங்கியவர் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால் அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். ஆண்டுதோறும் ஏப்ரலில், மார்ச் 31 நிலவரப்படி உள்ள பாக்கியை எழுதி ஒரு கடிதம் அனுப்பி, முத்திரையும் கையெழுத்தும் வாங்கி வையுங்கள். தணிக்கைக்குத் தேவை என்று சொல்லிக் கேளுங்கள். உண்மையிலேயே தேவைதான், யாரும் மனம் கோண மாட்டார்கள்.