கார்சியாக்கள் ஏன் இத்தனை பேர்?

ஸ்பானியக் கவிஞர் ஃபெதரிகோ கார்சியா லோர்காவை உலகம் லோர்கா என்றுதான் அழைக்கிறது. கார்சியா அப்பா வழிப் பெயர், லோர்கா அம்மா வழிப் பெயர். ஸ்பானிய வழக்கத்தில் ஒவ்வொருவருக்கும் இப்படி இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. ஒன்றை மட்டும் சொல்வதென்றால் முதலில் வரும் அப்பா வழிப் பெயரைத்தான் சொல்வார்கள். ஆனால் வெறுமனே கார்சியா என்றால், எந்தக் கார்சியா என்ற கேள்வி உடனே வந்துவிடும். அதனால் அம்மாவின் பெயர் முன்னுக்கு வந்தது. நாம் மார்க்கேஸ் என்று சொல்லிப் பழகிய கொலம்பிய எழுத்தாளரும் முறைப்படி கார்சியா மார்க்கேஸ்தான்.

ஸ்பெயினில் கார்சியாவை முதல் குடும்பப் பெயராகக் கொண்டவர்கள் ஏறக்குறைய 14.5 லட்சம் பேர். நாட்டில் நூறு பேரை நிறுத்தினால் மூன்று பேர் கார்சியா. அடுத்தடுத்த இடங்களில் இருக்கும் கொன்சாலேஸ், ரோத்ரிகேஸ் ஆகியவை பத்து லட்சத்தைத் தொடவில்லை. இத்தனை பேரும் ஏதோ ஒரு மூதாதையின் வம்சம் என்று நினைக்கத் தோன்றும். அது உண்மையல்ல, உண்மை அதைவிடச் சுவையானது.

கார்சியா முதலில் குடும்பப் பெயரே அல்ல, ஓர் ஆண்பிள்ளைக்கு வைத்த இயற்பெயர். 9ஆம் நூற்றாண்டில் பம்ப்லோனாவை ஆண்ட கார்சியா இன்யிகேஸ், 910இல் லியோன் அரியணை ஏறிய கார்சியா என்று வட ஸ்பெயினின் அரசர் வரிசையிலேயே இந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. வேர் பாஸ்க் மொழியில் இருப்பதாகப் பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். 'கரடி' எனப் பொருள்படும் 'ஆர்ட்ஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. 'இளையவன்' எனப் பொருள்படும் 'காஸ்தே'யிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. எனக்குக் கரடி பிடித்திருக்கிறது. பாஸ்க் மொழிக்கு நெருங்கிய பழைய மொழியான அக்விதானியத்தின் ஆட்பெயர்கள் உள்ள ரோமர் காலக் கல்வெட்டுகளிலேயே கரடியைக் குறிக்கும் ஆட்பெயர்கள் கிடைக்கின்றன. லோபேஸ் என்ற பெயருக்குள்ளும் ஓநாய் இருக்கிறது. ஆனாலும் இரண்டில் எது என்று தீர்ப்பு வரவில்லை.

இயற்பெயர் எப்படிக் குடும்பப் பெயரானது என்பதைக் காஸ்தில் நாட்டுப் பிரபுக்களின் வரிசையே காட்டிவிடும். கொன்சாலோவின் மகன் ஃபெர்னான் கொன்சாலேஸ். அவர் மகன் கார்சியா ஃபெர்னாந்தேஸ். அவர் மகன் சாஞ்சோ கார்சியா. அவர் மகன் கார்சியா சாஞ்சேஸ். 'ஏஸ்' என்ற விகுதிக்கு 'இன்னாரின் மகன்' என்று அர்த்தம். நம் இனிஷியல் போல, தலைமுறைக்குத் தலைமுறை இந்தப் பெயரும் மாறியது. இந்த வரிசையில் சாஞ்சோ கார்சியாவைக் கவனியுங்கள். அப்பா பெயர் விகுதி எதுவும் சேராமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. விகுதி சேர்ந்த கார்சேஸ் என்ற வடிவமும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் வெறும் கார்சியாதான் பெருவழக்கானது.

பின்னர் இந்த மாறும் பெயர் மெல்ல மெல்ல உறைந்தது. சொத்துப் பத்திரம், வரி, வழக்கு எல்லாவற்றிலும் நிலையான பெயர் வசதியாக இருந்தது. 1563இல் முடிந்த திரெந்து சங்கம் என்ற கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுக்கூட்டம், திருமுழுக்கையும் திருமணத்தையும் பங்குதோறும் பதிவேட்டில் எழுதச் சொன்னது. அதற்குப் பிறகும் நெகிழ்வு இருந்தது. ஓவியர் வெலாஸ்கேஸின் அப்பா ரோத்ரிகேஸ் தெ சில்வா; மகனை நாம் அறிவது அம்மாவின் பெயரால். 1870ஆம் ஆண்டின் குடிமைப் பதிவுச் சட்டம் வந்த பிறகுதான் இரட்டைப் பெயர் முறை சட்டமாகக் கெட்டிப்பட்டது.

ஆக, பெயர்கள் உறையத் தொடங்கிய நேரத்தில், ஒருவருக்கொருவர் உறவில்லாத எத்தனையோ ஊர்களில் கார்சியா என்ற பெயருள்ள அப்பாக்கள் இருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு தனிக் குடும்பத்தைத் தொடங்கிவைத்தார்கள். இதில் வேடிக்கை, இயற்பெயரான கார்சியா பிறகு வழக்கிலிருந்தே மறைந்துவிட்டது. கார்சிலாசோ போன்ற பழைய கூட்டுப் பெயர்களில்தான் அதன் தடம் மிச்சமிருக்கிறது.

சரி, பல இடங்களில் தொடங்கியதால் மட்டும் முதலிடம் வந்துவிடுமா? இங்கே கணிதம் உள்ளே வருகிறது. 1870களில் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் என்ற அறிவியலாளர், பிரபலமான குடும்பங்களின் பெயர்கள் ஏன் அழிகின்றன என்று கேட்டார். கணிதவியலாளர் ஹென்றி வாட்சன் அவரோடு சேர்ந்து கணக்குப் போட்டார். பெயர் மகன்கள் வழியே மட்டும் போகிறது, ஆளுக்குச் சராசரியாக ஒரு மகன், எத்தனை மகன்கள் என்பது தற்செயல் என்று வைத்துக்கொள்வோம். அப்போது எளிய நிகழ்தகவுக் கணக்கின்படி முதல் தலைமுறையிலேயே 100இல் 37 பேருக்கு மகன் இருக்கமாட்டான். ஒரே ஆளிடம் தொடங்கிய 100 பெயர்களில் பத்துத் தலைமுறைக்குள் சுமார் 84 அழிந்துவிடும். யாரும் தவறு செய்யவில்லை, நோயோ போரோ தேவையில்லை, தற்செயல் ஒன்றே போதும். ஆனால் ஒரே பெயரை நூறு பேர் தொடங்கியிருந்தால்? நூறு கிளைகளும் பட்டுப்போனால்தான் அந்தப் பெயர் அழியும். அதற்கான வாய்ப்பு ஏறக்குறைய பூச்சியம். அரிய பெயர்கள் உதிர உதிர, பெரும்பெயர்களின் பங்கு கூடிக்கொண்டே போகும்.

மரபணுவும் இதையே சொல்கிறது. அப்பாவின் பெயரைப் போலவே ஒய் குரோமோசோமும் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது. பிரிட்டனில் நடந்த ஆய்வில் அரிய குடும்பப் பெயர் கொண்ட ஆண்களின் ஒய் குரோமோசோம்கள் பெரிதும் ஒத்திருந்தன. ஸ்மித் என்ற பெயருள்ளவர்களோ தெருவில் போகும் யாரோ இருவரைப் போலவே வேறுபட்டிருந்தார்கள். ஸ்பெயினில் செய்த ஆய்விலும் இதே போக்கு: பெயர் எவ்வளவு பரவலோ, அவ்வளவு குறைவு பொது மூதாதைக்கான அடையாளம்.

இரட்டைப் பெயர் முறை மரபியலாளர்களுக்குக் கிடைத்த புதையல் என்றே சொல்வேன். ஒரு மனிதரின் பெயரைப் படித்தாலே அவருடைய பெற்றோர் இருவரின் குடும்பமும் தெரிந்துவிடுகிறது. இரண்டு பெயரும் ஒன்றாக இருந்தால், பெற்றோர் உறவினராக இருக்கலாம். 1875இல் சார்லஸ் டார்வினின் மகன் ஜார்ஜ், இங்கிலாந்தில் ஒரே குடும்பப் பெயருள்ளவர்கள் செய்துகொண்ட திருமணங்களை எண்ணி, நெருங்கிய உறவுத் திருமணங்களின் அளவை மதிப்பிட்டார். 1965இல் குரோ, மேஞ்ச் என்ற இருவர் அதைச் சூத்திரமாக்கினார்கள். அதன் அடிப்படை எளிது. பெற்றோரின் உடன்பிறந்தார் பிள்ளைகளில் நான்கு வகை உண்டு: பெரியப்பா சித்தப்பா பிள்ளை, அத்தை பிள்ளை, மாமா பிள்ளை, பெரியம்மா சித்தி பிள்ளை. இவர்களில் முதல் வகைக்கு மட்டுமே நம் குடும்பப் பெயர் இருக்கும். மற்ற மூன்று வகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜார்ஜின் பெற்றோரே இதற்கு உதாரணம். சார்லஸ் டார்வின் மணந்த எம்மா வெட்ஜ்வுட் அவருடைய சொந்த மாமன் மகள். பெயர் வேறு, உறவு நெருக்கம். தமிழ்நாட்டில் இந்த முறையைக் கொண்டுவந்தால் பெரிதாக எதுவும் பிடிபடாது. நாம் முறைப்பெண் என்பது அத்தை மகளையும் மாமன் மகளையும்தானே.

கார்சியாவிடமும் இந்த முறை தடுமாறும். நூற்றுக்கு மூன்று பேர் கார்சியா என்றால், எந்த உறவும் இல்லாமல் தற்செயலாகவே பத்தாயிரத்துக்கு ஒன்பது பேர் கார்சியா கார்சியாவாகப் பிறப்பார்கள். ஸ்பெயினின் மக்கள்தொகைக்கு அது 40,000 பேருக்கு மேல் வரும்.

கடல் கடந்து போன கதை வேறு. அமெரிக்கக் கண்டத்தில் திருமுழுக்குப் பெற்ற பூர்வகுடிகள் பலருக்கு ஸ்பானியப் பெயர்கள் வந்து சேர்ந்தன. இப்படி, ஸ்பெயினுக்கும் அவர்களுக்கும் ரத்த உறவே இல்லாமல் பெயர் பரவியது. போர்ச்சுகீசியர் காலத்தில் திருமுழுக்குப் பெற்ற தூத்துக்குடிப் பரதவரிடையே பர்னாந்து பரவியதும் இப்படித்தான். பிலிப்பைன்ஸில் 1849இல் ஆளுநர் நார்சிசோ கிளவேரியா, குடும்பப் பெயர்களின் ஒரு பெரிய பட்டியலை அச்சிட்டு மாகாணங்களுக்கு அனுப்பினார். பக்கங்களை ஊர்வாரியாகப் பிரித்துக் கொடுத்ததால் சில ஊர்களில் எல்லாப் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கின. 1957 முதல் 1961 வரை அந்நாட்டின் அதிபராக இருந்தவரும் ஒரு கார்சியாதான். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்தப் பெயர் 1990இல் 18ஆம் இடத்தில் இருந்தது. 2000இல் 8, 2010இல் 6. அப்போது அங்கே சுமார் 11.7 லட்சம் கார்சியாக்கள்.

ஸ்பெயினில் விதிகள் மாறிவருகின்றன. 1999ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, பெற்றோர் சம்மதித்தால் அம்மாவின் பெயரை முன்னால் வைக்கலாம். 2017 முதல் அப்பா பெயருக்கு இருந்த இயல்பு முன்னுரிமையும் போய்விட்டது. பெற்றோர் எந்த வரிசை என்று ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் பதிவாளர் முடிவு செய்வார். முதல் பிள்ளைக்கு வைத்த வரிசையே அடுத்தடுத்த பிள்ளைகளுக்கும். இதனால் கால்டனின் கணக்கிலேயே ஒரு மாற்றம் வருகிறது. மகன் இல்லாத வீட்டோடு முடிந்துபோயிருக்க வேண்டிய அரிய பெயர் இனி மகள் வழியாகவும் தொடரலாம். ஒரு கார்சியாவை மணக்கும் பெண், தன் பெயர் ஊரில் வேறு யாருக்கும் இல்லை என்றால், அதையே பிள்ளைக்கு முதல் பெயராக வைக்கலாம் என்று கேட்க இப்போது சட்டத்தில் இடம் இருக்கிறது.