பெரியம்மாவின் ஸ்கானில் ஏன் நிறமில்லை?

தலைவலி என்று வெள்ளவத்தை வீட்டுக்கு வந்திருந்த பெரியம்மா, எம்.ஆர்.ஐ. எடுத்துத் திரும்பிய அன்று மாலை, உறையிலிருந்து படத்தை உருவி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். "என்னடா, கறுப்பும் வெள்ளையுமா கிடக்கு? பேப்பரில வாற மூளையெல்லாம் சிவப்பும் மஞ்சளுமா எல்லே இருக்கும்? இது காசு குறைஞ்ச ஸ்கானோ?"

இல்லை. இரண்டும் வேறு வேறு சாமான். அவர் கையில் இருந்தது மூளையின் அமைப்பு. ஸ்கான் குழாயைச் சுற்றி இருப்பது ஒரு பெரிய காந்தம். வழக்கமான 1.5 டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) இயந்திரம் என்றால், கொழும்பில் திசைகாட்டி ஊசியைத் திருப்பும் பூமியின் காந்தப்புலத்தை விட 30,000 மடங்குக்கும் மேல். உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஐதரசன் அணுக்கருக்கள் அந்தப் புலத்துக்குள் தலையாட்டும் பம்பரங்கள் போல இருக்கும். சுமார் 64 மெகாஹேர்ட்ஸ் வானொலி அலையால் ஒரு தட்டுத் தட்டினால் அவை சாயும். பிறகு பழைய நிலைக்குத் திரும்புகையில் மெல்லிய சைகை ஒன்றைத் தரும். திரும்பும் வேகம் இழையத்துக்கு இழையம் மாறும். படத்தின் கறுப்பு, சாம்பல், வெள்ளை எல்லாம் அந்த வித்தியாசம்தான். "தகரத்தில அடிக்கிற மாதிரி" என்று பெரியம்மா திட்டிய சத்தம், எந்த இடத்திலிருந்து சைகை வருகிறது என்று கண்டுபிடிக்கப் புலத்தைக் கூட்டிக் குறைக்கும் கம்பிச்சுருள்கள் அதிர்வதால் வருவது.

பத்திரிகையில் வரும் சிவப்பும் மஞ்சளும், மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று தேடும் தொழிற்பாட்டு எம்.ஆர்.ஐ. குருதியில் ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபின், அதை இழந்ததும் காந்தப்புலத்தைச் சற்றே குழப்பும் என்பதை வைத்து, 1990இல் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவாவும் கூட்டாளிகளும் இதற்கு வழி திறந்தார்கள். மூளையில் ஓர் இடம் வேலை செய்தால், அங்கே தேவைக்கும் அதிகமாகவே ஒட்சிசன் நிறைந்த குருதி வந்து சேரும். சைகை கொஞ்சம் கூடும். கொஞ்சம் என்றால், பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று, இரண்டு. அதுவும் ஐந்தாறு விநாடி பிந்தித்தான் உச்சத்துக்கு வரும்.

ஆக, அந்த நிறத்தை எந்தக் கமெராவும் பிடிக்கவில்லை. மூளையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கணக்குப் போட்டு, "இங்கே மாற்றம் தற்செயல் அல்ல" என்று வந்த கட்டங்களுக்குப் பூசிய சாயம் அது. இங்கேதான் வில்லங்கம். கட்டங்கள் 1,00,000 என்று வையுங்கள். ஆயிரத்தில் ஒரு தடவை தவறலாம் என்று விட்டாலே, ஒன்றும் நடக்காத மூளையிலும் 100 கட்டங்கள் ஒளிரும். 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கானருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, அவர்களின் உணர்ச்சி என்னவென்று அதைக் 'கேட்டார்கள்'. இத்தனை கட்டங்களைச் சோதித்ததற்கு ஏற்பக் கணக்கைத் திருத்தாமல் விட்டபோது மீனின் மூளையிலும் புள்ளிகள் ஒளிர்ந்தன. திருத்தியதும் மறைந்தன. (பெரியம்மாவின் ஒரே கேள்வி: "செத்த மீனுக்கு ஸ்கான் எடுக்க ஆர் காசு குடுத்தது?")

திருத்துவது என்றாலும் எப்படித் திருத்துவது? நம் வீடுகளில் வருடப்பிறப்புக்கு நடப்பதை நினைத்துப் பாருங்கள். வானம் ஒன்று, சூரியன் ஒன்று. ஆனாலும் வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் இன்னொரு நேரம் சொல்லும். மூளைப் படத்திலும் அதே கதைதான். 2020இல் வெளியான ஓர் ஆய்வில், 108 பேரின் ஒரே ஸ்கான் தரவை 70 குழுக்களிடம் கொடுத்து, 9 ஊகங்கள் சரியா என்று கேட்டார்கள். தலை அசைவைச் சரிசெய்வது, படத்தை மென்மையாக்குவது என்று படி படியாக எடுத்த முடிவுகளில் எந்த இரண்டு குழுவும் முழுதாக ஒத்துப்போகவில்லை. சில ஊகங்களில் விடையே பிரிந்தது. ஒருவரும் ஏமாற்றவில்லை என்பதுதான் இதில் கவலைக்குரிய விஷயம்.

இதை ஓர் ஆளால் தீர்க்க முடியாது. பௌதிகவியலாளர், புள்ளிவிவரக்காரர், நரம்பியல் வைத்தியர், கதிர்ப்படவியலாளர் எல்லாரும் ஒரு மேசையில் இருக்க வேண்டும். 1995இல் பாரிஸில் தொடங்கி ஆண்டுதோறும் கூடும் மனித மூளை வரைபட மாநாடு அப்படி ஒரு மேசை. அதை நடத்தும் அமைப்பின் குழு ஒன்று, கட்டுரை எழுதுபவர் எந்தெந்தப் படிகளைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று பட்டியல் போட்டது. 2016இல் இன்னொரு கூட்டணி, கோப்புகளுக்கு எப்படிப் பெயர் வைப்பது என்று ஒழுங்கு கொண்டுவந்தது. யாருக்கு எடுத்த ஸ்கான், எந்தப் பணியின்போது, எந்த வகைப் படம், எல்லாம் பெயரிலேயே இருக்கும். கேட்கச் சப்பென்றிருக்கும். ஆனால் "ஃபைனல்_புதுசு_2" என்று கோப்பு வைத்திருக்கும் நண்பரின் மடிக்கணினியைத் திறந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது எனிக்மா என்ற கூட்டமைப்பின் முறை. 2009இல் தொடங்கிய அதில் வலிப்பு, மனச்சோர்வு, பார்க்கின்சன் என்று நோய்வாரியாகப் பணிக்குழுக்கள் உண்டு. நோயால் மூளையின் கனவளவில் வரும் மாற்றம் பல நேரம் மிகச் சிறியது. 30, 40 பேரை வைத்து அதைப் பிடிப்பது கடினம். ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். ஆனால் தலை ஸ்கானிலிருந்து முகத்தையே திரும்ப உருவாக்கலாம் என்பதால், படங்களை நாடு விட்டு நாடு அனுப்பப் பலருக்குத் தயக்கம். அதனால் பல ஆய்வுகளில் ஸ்கானை அனுப்பச் சொல்வதில்லை. செய்முறையைத்தான் அனுப்புகிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரே படிகளைச் செய்து, கிடைத்த முடிவுகளை மட்டும் ஒன்றுசேர்க்கிறார்கள். கொழும்பில் 40 பேருக்கு மட்டும் ஸ்கான் எடுக்க வசதியுள்ள ஒரு குழு இருந்தாலும், படங்கள் இங்கேயே இருக்கும். போவது ஓர் அட்டவணை எண்கள்.