கார் நிற்கும் தரை: விரிசல் கீழேயிருந்து வருகிறது

கேட்டுக்கும் போர்ட்டிகோவுக்கும் நடுவே இருக்கும் கான்கிரீட் தளம் விரிந்துவிட்டால், கொத்தனார் வழக்கமாக ஒரு யோசனை சொல்வார்: "பழச உடைக்க வேணாம் சார், மேல ஒரு இஞ்ச் கலவ போட்டு மழமழன்னு தேச்சுக் குடுத்துடறேன்." செலவு குறைவு, இரண்டே நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் அடுத்த கோடைக்குள் பழைய விரிசல் அதே கோட்டில் புதுப் பூச்சிலும் எட்டிப் பார்க்கும். பூச்சின் ஓரங்கள் பத்தை பத்தையாகப் பெயரும். விரிசல் மேற்பரப்பில் பிறக்காதபோது அதை மேலே மூடி என்ன பயன்?

ஒரு சின்னக் கணக்கு. கார் டயரில் 32 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், டயர் தரையை அழுத்தும் அழுத்தமும் ஏறக்குறைய அதே அளவுதான், அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 0.22 நியூட்டன். வீடுகளுக்கு வழக்கமாகப் போடும் எம்20 தரக் கான்கிரீட் நசுங்க, அதே சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் வேண்டும். எனவே கார் தளத்தை நசுக்கி உடைப்பதில்லை, வளைத்து முறிக்கிறது. நசுக்கலில் 20 தாங்கும் அதே கான்கிரீட், வளைவில் 3 நியூட்டனுக்குச் சற்று மேலே போனாலே முறிந்துவிடும். அடியில் மண் சீராகத் தாங்கும்வரை தளம் அதிகம் வளைவதில்லை. ஓரிடத்தில் மண் இறங்கிவிட்டால், அங்கே தளம் பாலமாகிவிடுகிறது. அந்தப் பாலத்தின் மேல்தான் தினமும் காரை ஏற்றி இறக்குகிறோம்.

மண் இறங்கும் இடங்களை முன்கூட்டியே சொல்லிவிடலாம். கழிவுநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடிய பள்ளம், அஸ்திவாரக் குழியை மூடிய சுவரோரம், மொட்டைமாடித் தண்ணீர் கொட்டும் மூலை, பெருச்சாளி வளை. கரிசல் மண் என்றால் தலைவலி இரட்டிப்பு, மழையில் ஊதித் தளத்தைத் தூக்கும், வெயிலில் சுருங்கிக் கைவிடும்.

சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடம் 'ணங்' என்று ஒலிக்கும், அடியில் பொள்ளலாக இருந்தால் 'டொப்' என்று கேட்கும். பல இடங்களில் பொள்ளல் ஒலி கேட்டாலோ, விரிசலின் இரு பக்கமும் 5 மி.மீ.க்கு மேல் ஏற்றத்தாழ்வு இருந்தாலோ உடைத்துப் போடுவதுதான் சரி. மயிரிழை விரிசல் மட்டும் என்றால் தளத்தை விட்டுவிடுங்கள்.

இனி, 3 மீட்டர் அகலமும் 6 மீட்டர் நீளமும் உள்ள தளம் என்று வைத்துக்கொள்வோம். பழைய தளம் 4 அங்குலக் கனமானால், உடைத்தால் 4 டன்னுக்கு மேல் இடிபாடு வரும், உதிரியாகக் குவித்தால் கிட்டத்தட்ட ஒரு யூனிட் (100 கன அடி). கம்பியையும் மண்ணையும் நீக்கி 40 மி.மீ.க்குள் உடைத்தால் அதில் ஒரு பகுதி அடித்தளத்துக்கே உதவும். பிரேக்கர் மெஷினைத் தொடுமுன் குழாய், எர்த் கம்பி, மின்கேபிள் போகும் வழியைச் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கார் தளத்துக்கு அடியில் சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) இருக்கும் வீடுகள் ஏராளம். சம்ப் மூடியின் மேல் பிரேக்கரோ ரோலரோ கூடவே கூடாது. அந்தப் பகுதியைக் கையால்தான் உடைக்க வேண்டும். புதுத் தளத்தின் பாரம் மூடியில் இறங்குமா என்பதைப் பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும்.

உடைப்பதற்கு முன்பே வாட்டத்தை முடிவு செய்யுங்கள். 50க்கு 1 வாட்டம் போதும், 6 மீட்டருக்கு 12 செ.மீ. இறக்கம். தெருவைப் பார்த்து இறங்குவதுதான் முறை. ஆனால் சென்னையில் சாலை மேல் சாலை போட்டு, தெரு வீட்டுத் தரையைவிட உயர்ந்த இடங்கள் நிறைய. அங்கே தளம் வீட்டை நோக்கித்தான் இறங்கும். அப்போது போர்ட்டிகோவுக்கு முன்னால் குறுக்கே இரும்புக் கிராதி போட்ட வடிகால் ஒன்று கட்டாயம் வேண்டும். அதை வண்டல் தேங்கும் சிறு தொட்டி வழியாக மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்குக் கொண்டுபோங்கள். 2003ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது தோண்டிய குழி உங்கள் வீட்டில் தூர்ந்து கிடந்தால், தூர்வார இதுதான் நேரம்.

தளம் 5 அங்குலம், அடித்தளம் 6 அங்குலம், ஆக 11 அங்குலம் தோண்ட வேண்டும். 4 அங்குலம் போதாதா என்று கேட்பவர்களுக்கு: வளைவைத் தாங்கும் வலு கனத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 4ஐ 5 ஆக்கினால் கான்கிரீட் கால் பங்குதான் கூடும், வலுவோ பாதிக்கு மேல் கூடும். சிமெண்ட் மூட்டையைக் கூட்டுவதைவிட இது லாபம்.

தோண்டிய மண்ணில் 12 மி.மீ. கம்பியைக் கையால் அழுத்திப் பாருங்கள். வெண்ணெயில் போவதுபோல் இறங்கும் இடத்தை மேலும் தோண்டி, கிராவலால் நிரப்புங்கள். பிறகு ஜல்லியும் கிரஷர் தூசியும் கலந்த அடித்தளத்தை மூன்று மூன்று அங்குலமாக இரண்டு அடுக்கில் பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து, பிளேட் காம்பாக்டரால் இறுக்க வேண்டும். மெஷின் நுழையாத மூலைகளுக்குத் திமிசுக் கட்டை. ஆறங்குலத்தையும் ஒரே மூச்சில் கொட்டி இறுக்கினால் மேல் பாதிதான் இறுகும். இதன் மேல் 125 மைக்ரான் பாலிதீன் ஷீட். அது இல்லையென்றால் வறண்ட அடித்தளம் கலவைத் தண்ணீரை உறிஞ்சிவிடும்.

8 மி.மீ. கம்பியை 8 அங்குல இடைவெளியில் பின்னினால் ஏறக்குறைய 75 கிலோ பிடிக்கும். வலையைத் தரையில் படுக்கவிட்டால் அது பழைய இரும்பு, அவ்வளவுதான். மேற்பரப்பிலிருந்து 2 அங்குலம் கீழே நிற்குமாறு, கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் கட்டிகளை அடியில் வையுங்கள். கம்பி விரிசலைத் தடுக்காது, விழுந்த விரிசல் வாய் பிளக்காமல் பிடித்துக்கொள்ளும். சுவர், தூண், சம்ப் வாய் ஆகியவற்றைச் சுற்றி 12 மி.மீ. தெர்மோகோல் பட்டை வைத்துத் தளத்தைத் தனியாகப் பிரித்துவிடுங்கள்.

கான்கிரீட் 2.25 கன மீட்டர். எம்20க்கான 1:1½:3 விகிதத்தில் சிமெண்ட் 18 மூட்டை, எம்-சாண்ட் 34 கன அடி, முக்கால் ஜல்லி 67 கன அடி. சேதாரத்துக்கு ஒரு மூட்டை கூடுதல். ஈர மணல் உப்பி நிற்கும் என்பதால் சட்டிக் கணக்கு ஏமாற்றும். ஒரு பாட்டிலில் 20 செ.மீ. உயரத்துக்கு ஈர மணலை நிரப்பி, வெளியே கொட்டி, அதே பாட்டிலில் பாதி தண்ணீர் விட்டு மணலைத் திரும்பப் போட்டுக் கலக்குங்கள். படிந்த உயரம் 16 செ.மீ. என்றால் மணல் 25 சதவீதம் உப்பியிருந்தது. அத்தனை சதவீதம் கூடுதலாக அள்ள வேண்டும்.

தண்ணீர்தான் பெரிய வில்லன். எம்20 கலவைக்கு மூட்டைக்கு 30 லிட்டர் என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 தரும் உச்சவரம்பு, மணலில் உள்ள ஈரமும் இதில் அடக்கம். 25 லிட்டரில் நிறுத்தப் பாருங்கள். சிமெண்ட் இறுகத் தேவைப்படாத தண்ணீர் பிறகு ஆவியாகி, போன வழியெல்லாம் நுண்துளையை விட்டுப்போகும். "ஓடற மாதிரி இருந்தாத்தான் பரப்ப வரும்" என்று சொல்பவரிடம், கெட்டிக் கலவையையும் அதிரவைத்துப் பரப்பும் வைப்ரேட்டரை வாடகைக்கு எடுத்துக் கொடுங்கள்.

அடுத்த தவறு கண்ணெதிரிலேயே நடக்கும். பரப்பி மட்டப்பலகை இழுத்ததும் மேலே தண்ணீர் கசிந்து பளபளக்கும். காத்திருக்கப் பொறுமையின்றி அதன்மேல் வறண்ட சிமெண்டைத் தூவித் தேய்ப்பார்கள். அன்றைக்குக் கண்ணாடிபோல் இருக்கும். ஆனால் அந்த மேல்தோல் அடிக் கான்கிரீட்டைவிட அதிகம் சுருங்கும், சில மாதத்தில் சிலந்திவலைபோல் வெடித்து ஏடு ஏடாகக் கிளம்பும். பளபளப்பு மறைந்து, கட்டைவிரல் லேசாகப் பதியும் நிலை வரும்வரை கரண்டி தொடக்கூடாது. கடைசியில் வாட்டத்துக்குக் குறுக்காகத் தென்னந்துடைப்பத்தால் ஒருமுறை இழுத்துவிட்டால் மழையில் இருசக்கர வண்டி வழுக்காது.

கான்கிரீட் உலரும்போது 6 மீட்டருக்கு சுமார் 3 மி.மீ. சுருங்கும். அது எங்காவது வெடித்தே தீரும். எங்கே என்று நாம் சொல்லிவிட வேண்டும். நீளத்தின் நடுவே, 3 மீட்டரில், 30 மி.மீ. ஆழத்துக்குக் குறுக்கே வெட்டுங்கள். கான்கிரீட் போட்ட 6 முதல் 12 மணி நேரத்துக்குள் வெட்ட வேண்டும். மறுநாள் சாவகாசமாக வந்தால் விரிசல் முந்திக்கொண்டிருக்கும். அந்தக் கோடு வரும் இடத்தில் ஒன்றுவிட்டு ஒரு கம்பியை, கான்கிரீட் கொட்டுமுன்பே வெட்டி விடுவதும் அவசியம்.

விடியற்காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் கொட்டி முடித்துவிடலாம். சித்திரை வெயிலோடு காற்றும் சேர்ந்தால், இறுகுமுன்னே மேலே ஈரம் பறந்து கீறல் விழும். அதனால் தேய்த்து முடித்த கையோடு பாலிதீனால் மூடுங்கள். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம், வாட்டம் அதிகமென்றால் ஈரச் சணல் சாக்கு. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்கு 14 நாள் ஈரம் காயக்கூடாது. காலையில் நனைத்து மதியம் காயவிடுவது கியூரிங் ஆகாது.

ஒரு நாளில் நடக்கலாம், ஒரு வாரத்தில் ஸ்கூட்டர், இரண்டு வாரத்தில் கார். வெட்டிய கோட்டையும் சுவரோரத் தெர்மோகோலின் மேல் அரை அங்குலத்தையும் நன்றாகக் காய்ந்தபின், ரப்பர்போல் நெகிழும் பாலிசல்ஃபைடு சீலன்டால் அடையுங்கள், சிமெண்ட் பாலால் வேண்டாம். தண்ணீர் லாரிக்காரருக்கு மட்டும் 28 நாள் கேட் திறக்காதீர்கள். ஹோஸ் நீளம்தான், தெருவிலிருந்தே எட்டும்.